மூங்கிலை நேராகப் பிடித்தவள்

அந்தப் பெட்டி முதலில் எங்கள் கம்பெனி ஓனரின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. டிபன் பாக்ஸை நிமிர்த்தி வைத்த அளவுதான். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் சின்னக் கண்ணாடி, கீழே நாலைந்து பொத்தான்கள், பின்னால் நீளமான ஒரு வயர், வயரின் நுனியில் சோப்புக் கட்டி போல ஒரு கறுப்புக் கட்டை. கட்டையைத் தண்ணீருக்குள் விட்டால் அது கீழே சத்தம் அனுப்புமாம். மோதித் திரும்பி வரும் சத்தத்தை வைத்து, தரை எங்கே, மீன் எங்கே என்று கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் காட்டுமாம். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த தடவை வரும்போது உங்கள் ஊரில் மீன் பிடிப்போம் என்று சொல்லிக் கொடுத்தாராம். கம்பெனியில் நாங்கள் அதற்கு மீன் டிவி என்று பேர் வைத்திருந்தோம்.

அந்த அடுத்த தடவை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பையர் வருகிறார் என்று தெரிந்ததும் ஓனர் நேராக பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனார். அங்கேதான் என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நான் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க கடல்காரரே, இந்த மீன் பொட்டியப் பத்தி உங்களுக்குத் தெரியுங்களா?”

அவர் அதற்கு முன் அந்த மாதிரிப் பெட்டியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் எழுந்து நின்று, கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தபடி, “தெரியும் ஓனர்” என்றார்.

“நம்ம ஆத்து அணையில ஒரு மீனாச்சும் மாட்டோணும்ங்க. வெறுங்கையோட அனுப்புனா நம்ம மருவாதி என்னத்துக்காகும்?”

“மாட்டும் ஓனர்.”

செக்கிங் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த வருடம் ஈஸ்டருக்கு என் கொழுந்தன் வந்திருந்தான். ஊரில் ஒரு படகில் பங்கு சேர்ந்திருப்பதாகச் சொன்னான். எல்லாப் படகிலும் இப்போது மீன் பார்க்கிற பெட்டி வைக்கிறார்கள், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், நீ வந்து நின்றால் போதும் அண்ணே என்றான். என் வீட்டுக்காரர் கை கழுவ எழுந்து, “உன் மைனிகிட்ட கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அவரைக் கடலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். நாங்கள் தெற்கே கடற்கரை ஊர்க்காரர்கள். என் அப்பா போன படகு திரும்பி வந்தது, அப்பா வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி வயிற்றில் பிள்ளை இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் இவர் போன படகு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. காத்திருந்த நேரத்தில் என் வயிறு கல்லாக இறுகிவிட்டது. அவர் வந்து சேர்ந்ததும், ஈரத் துணியோடு கோயிலுக்கு இழுத்துப் போய், மாதா காலில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். நீ சொன்னால் ஒழிய இனிமேல் கடலில் இறங்க மாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணினார். பிறகுதான் திருப்பூருக்கு வந்தோம். மண்ணரைப் பகுதியில் ஒரு லைன் வீடு, பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. சின்ன வயதிலிருந்து கடலில் நின்ற மனுஷன், ட்யூப் லைட் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டி ஒட்டினார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு சொல் திட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

பெட்டியைப் பழகிப் பார்க்க வியாழக்கிழமை அணைக்குப் போவதென்று ஆனது. முந்தின நாள் சாப்பிடும்போது இவர் என்னிடம் கேட்டார்.

“கடல் இல்ல, ஆத்துல கட்டுன அணைதான். போகட்டுமா?”

இதற்குக்கூட என்னிடம் கேட்க வேண்டுமா என்று இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது.

“நானும் வாரேன்” என்றேன்.

“நீ என்னத்துக்கு?”

“சும்மாத்தான்.”

கம்பெனி வேனில் போனோம். ஓனர், நாங்கள் இரண்டு பேர், பெட்டி. பெட்டிக்குக் கரண்டு வேண்டுமே, அதனால் வேனின் பேட்டரியையே கழற்றிப் பரிசலில் வைத்தார்கள். ஓனர் பரிசலில் ஏறவில்லை. அவருக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. கரையில் குடையைப் பிடித்து நின்றுகொண்டு, பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பதாக ஏற்பாடு. பரிசல்காரர் வயதானவர். என்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

“பாத்துங்கம்மிணி. நடுவால உக்காருங்க. அசையாதீங்க.”

கரையோரம் சோப்பு நுரை போல வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. அதை விலக்கிக்கொண்டு போனோம். பெட்டியைத் தட்டியதும் கண்ணாடி முழுக்க மீன் படங்கள் வந்தன. பெரியது, சின்னது, ஒன்றன்மேல் ஒன்று.

பரிசல்காரர் எட்டிப் பார்த்தார். “அட சாமி! இத்தன மீன் இருந்தா நான் எதுக்குங்க இன்னும் ஓட்டச் சைக்கிள்ல போறேன்?”

“எங்கெங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதாய்யா?” என்று இவர் கேட்டார்.

“எனக்கு எங்கீங்க தெரியும்? நான் எங்க இருக்கேன்னு மீனுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, அந்த மீன் படம் வருவதை நிறுத்தினார். கரையிலிருந்து சத்தம் வந்தது.

“ஏனுங்க, மீன் தெரியுதுங்களா?”

“படத்த அணைச்சிட்டேன் ஓனர்.”

“அத ஏனுங்க அணைச்சீங்க? பையருக்கு மீன் தெரியோணுமல்லங்க!”

“நுரையவும் மீன்னு காட்டுது ஓனர். துடுப்பு போட்டா கெளம்புற குமிழியவும் மீன்னு காட்டுது.”

ஓனர் புத்தகத்தைப் புரட்டி, “சென்சிட்டிவிட்டி! சென்சிட்டிவிட்டி!” என்று கத்தினார். கூட்டச் சொல்கிறாரா குறைக்கச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கூட்டினால் கண்ணாடி முழுக்கக் கறுப்பாகிவிட்டது. குறைத்தால் தரைகூடத் தெரியாமல் வெறுமையாகிவிட்டது. நாங்கள் தள்ளிப் போகப் போக ஓனரின் குரல் தேய்ந்தது. அது கேட்காத தூரத்துக்குப் போன பிறகுதான் எங்களால் யோசிக்க முடிந்தது.

முதல் கோளாறு கட்டையில்தான். அதைப் பரிசலின் விளிம்பில் பனியன் துணிக் கிழிசலால் கட்டியிருந்தோம். பரிசல் நேராகப் போகாது, சுற்றிச் சுற்றித்தானே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது சாய, கட்டையும் சாய்ந்து, கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தது. இவர் கட்டையை அவிழ்த்து, பரிசலில் கிடந்த மூங்கில் கம்பின் நுனியில் இறுக்கிக் கட்டினார். கம்பை என் கையில் கொடுத்தார்.

“முழங்கை அளவு தண்ணிக்குள்ள வுடு. நுரைக்குக் கீழ போயிரணும். பரிசல் எப்பிடிச் சாஞ்சாலும் கம்பு சாயக் கூடாது. நீ நேராப் புடிச்சாத்தான் அது நேராப் பாக்கும்.”

அப்படி நானும் அந்தப் பெட்டியில் ஒரு பாகம் ஆனேன்.

நான் பிடிக்க, அவர் பொத்தானை அமுக்கி அந்தச் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். தூசி போல இருந்த புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. தடியாக ஒரு கோடு நிலைத்து நின்றது. அதுதான் தரை என்றார். ஆனால் பரிசல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“தரை இன்னும் ரொம்பக் கீழ இருக்குதுங்க. கல்லக் கட்டி உட்டுப் பாருங்க.”

கல்லைக் கட்டி விட்டால் பரிசல்காரர் சொன்னதுதான் சரி. பெட்டி காட்டிய கோட்டைத் தாண்டிக் கயிறு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கண்ணாடியை உற்றுப் பார்த்தோம். தடிக் கோட்டுக்கு வெகு கீழே, மெலிதாக இன்னொரு கோடு இருந்தது. அதுதான் நிஜமான தரை. அப்படியானால் நடுவில் நிற்பது என்ன?

இவர் நனைந்த கயிற்றை முழம் போட்டு அளந்தார். பிறகு பரிசலில் கிடந்த காலி பாட்டிலின் வாயைத் துணியால் அடைத்து, துணிக்கு ஒரு கயிறு, பாட்டிலுக்குக் கல்லோடு ஒரு கயிறு என்று கட்டி, அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குகிற அளவுக்கு விட்டார். துணியைச் சுண்டி இழுத்தார். குமிழி வந்து நின்றதும் பாட்டிலை மேலே தூக்கினார். உள்ளே ஊதாவும் சிவப்பும் கலந்தாற்போல் ஒரு தண்ணீர். நான் வேண்டாம் என்பதற்குள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு” என்றார். “கடத்தண்ணி கணக்கா உப்பு.”

பரிசல்காரருக்கு அது அதிசயமாக இல்லை. “சாயத் தண்ணிங்க. ஆத்துல வந்து அடியில போயி நின்னுக்குது. மேல இருக்கறது மழைத் தண்ணி. ரெண்டும் சேர மாட்டீங்குது.”

சாயப்பட்டறையில் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் பிசிறு வெட்டியது சிவப்பு பீஸ். வீட்டுக்குப் போனாலும் நகக்கண்ணில் சிவப்புப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டிலில் இருந்த நிறம் என் மேசையில் குவிந்திருந்த நிறத்தின் தங்கச்சி போல இருந்தது. நான் மூங்கிலைப் பிடித்திருந்த விரல்களை மடக்கிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். “கடல வுட்டு இம்புட்டுத் தூரம் வந்தும் உப்பு நம்மள வுடல பாத்தியா?”

பரிசல்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எந்தத் தண்ணீரிலிருந்து அவரைப் பிரித்துக் கொண்டு வந்தேனோ அதைப் போலவே ஒரு தண்ணீர், மீன் இருக்க முடியாத தண்ணீர், எங்கள் காலுக்குக் கீழே நின்றது. கடலையும் விட வைத்து, கடைசியில் இதில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த உப்புதான் அவருக்கு வழி காட்டியது. கோட்டுக்குக் கீழே மீன் இராது, மேலே இருக்கிற தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும் என்றார். பெட்டி அதுவரை ரொம்ப ஆழம் வரை காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. அதனால் மேல் தண்ணீரில் இருந்ததெல்லாம் நசுங்கி, உச்சியில் ஒட்டிக் கிடந்தது. ஆழத்தைக் குறைத்து வைத்ததும், மடித்த துணியை விரித்தது போல மேல் தண்ணீர் மட்டும் கண்ணாடி நிறைய விரிந்தது. “அந்தக் கோடு எங்க கீழ எறங்குதோ அங்க போவோம். அங்கதான் நல்ல தண்ணி ஆழமா இருக்கும்” என்றார். பரிசல்காரர் சுத்தமான ஓடை ஒன்று வந்து சேரும் மூலைக்குத் துடுப்புப் போட்டார். போகப் போகக் கோடு இறங்கியது. ஓடை முனையில் காணாமலே போனது.

அங்கேதான் பார்த்தேன். மீன் படம் இல்லை, புள்ளியும் இல்லை. வெட்டிப் போட்ட நகத்தைக் கவிழ்த்து வைத்தது போல வளைவுகள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, கீழே பெரிதாக ஒன்று.

“அதான்” என்றார் மெதுவாக. “அதான் மீன்.”

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், கரையில் படகு தட்டும்போது அவர் முகம் அப்படி இருக்கும். திருப்பூருக்கு வந்தபின் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அது இல்லாமல் போனதையும் கவனிக்கவில்லை. இவர் இந்தப் பெட்டியைக் கற்றுக்கொண்டுவிட்டார், இனி ஊருக்குப் போய்விடுவார் என்று எனக்குள் ஒரு சத்தம் கேட்டது. அப்போது என் கை சாய்ந்தது.

வேண்டுமென்று சாய்த்தேனா, வலியில் சாய்ந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வெகு நேரமாகப் பிடித்திருந்தேன், வலி இருந்தது உண்மை. ஆனால் சாய்ந்தது தெரிந்த பிறகும் நான் உடனே நிமிர்த்தவில்லை. அதுவும் உண்மை. வளைவுகள் நெளிந்து அழிந்தன. கண்ணாடி வெறுமையானது.

“அய்யோ, ஓடிருச்சுங்களா?” என்றார் பரிசல்காரர்.

இவர் பெட்டியைத் தட்டினார். பொத்தானை அமுக்கினார். வயரைத் தொட்டுக்கொண்டே வந்து, என் கையைப் பார்த்தார்.

“கை வலிக்கா?”

நான் தலையாட்டினேன்.

“மாத்திப் புடி. இந்தா, நானும் புடிக்கேன்.”

என் கைக்குக் கீழே அவர் கை வைத்துக் கம்பை நிமிர்த்தினார். வளைவுகள் திரும்ப வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பையர் வந்தார். நல்ல உயரம், சிவந்த மூக்கு. அவர் உட்கார்ந்ததும் பரிசல் ஒரு பக்கமாக அமிழ்ந்தது. கம்பைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஓடை முனையில் அவர் தூண்டிலைப் போட்டுக் காத்திருந்து, ஒரு பெரிய கட்லாவை இழுத்தார். கரையில் ஓனர் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டினார். பையர் அந்த மீனை இரண்டு கையிலும் ஏந்தி, அதன் தலையில் ஒரு முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

பரிசல்காரருக்குத் தாங்கவில்லை. “அடக் கெரகமே! கொழம்புக்கு ஆயிருக்குமேங்க!”

பையர் எதுவோ சொல்லிச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை அது பிழைத்துப் போன மீன். பரிசல்காரர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் காலத்தில் மேல் தண்ணீர் வற்றினால் அதற்குப் போக இடம் ஏது? அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

போகும்போது பையர் ஓனரிடம் சொல்லி, பெட்டியை என் வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டார். “வெச்சுக்குங்க கடல்காரரே. என்னோட அலமாரியில அது சும்மாத்தான் கெடந்துது” என்றார் ஓனர். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே அதை வைத்தோம். தினமும் வேலைவிட்டு வந்து அதைத் துடைப்பார். அது என்னிடம் ஒன்றும் கேட்காது. ஆனாலும் அதன் முன்னால் போகும்போதெல்லாம் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது போல இருந்தது.

சேதி கேள்விப்பட்டுக் கொழுந்தன் வந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் நேரே என்னிடமே பேசினான்.

“மைனி, பெட்டி மட்டும் வந்தா போதாது. பாக்கத் தெரிஞ்ச ஆளும் வரணும். அண்ணன் உங்க சொல்ல மீற மாட்டாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் பிசைகிற கை நின்றுவிட்டது.

போங்க என்கிற ஒரு சொல் என் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. அப்பா இல்லாத படகு கரையில் தட்டிய ஞாபகமும் கூடவே வந்தது.

“புள்ளைக்குப் பரீட்சை வருதே தம்பி” என்றேன்.

மகள் அந்தப் பக்கம் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தாள். “எனக்குப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சேம்மா” என்றாள்.

கொழுந்தன் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். அப்போது இவர் சொன்னார்: “அவ அடுத்த வருசப் பரீட்சையச் சொல்லுதா. பெரிய பரீட்சைல்லா அது? நீ சாப்புடுல. ஏட்டி, ரசத்த எடுத்து வை.”

என்னைக் காப்பாற்றிவிட்டு, அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அன்று சாயங்காலம் வரை தம்பிக்குப் பாடம் எடுத்தார். துணி காயப்போடும் கம்பில் கட்டையைக் கட்டிக் காட்டினார். “மொதல்ல மீன் படத்த அணை, அது உன்ன ஏமாத்தும். கட்டைய நுரை படாத எடத்துல கட்டு. தண்ணி ஆழத்துக்குத் தக்கன பெட்டியில ஆழத்த வை. சென்சிட்டிவிட்டிய நெறையக் கூட்டி வச்சிட்டு, கறுப்பு வெலகுற வரைக்கும் ஒவ்வொரு படியா கொறச்சிட்டு வா. ஒரேயடியா கொறச்சிராத, மீனும் போயிரும். நான் வச்சது அணைக்கு. கடலுக்கு மறுபடி மொதல்ல இருந்து நீயேதான் பாத்து வைக்கணும்.” சொல்லச் சொல்ல அவர் கை காற்றில் வளைவு போட்டுக் காட்டியது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே போய் அந்த ஒரு சொல்லைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

தம்பியையும் பெட்டியையும் பஸ் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். மறுநாள் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டினார்.

பெட்டி கடலில் நன்றாகவே வேலை செய்தது. பஸ்ஸில் வரும் ஊர்க்காரர்களிடம் கொழுந்தன் கருவாடு கொடுத்துவிடுவான். அவர் ஆசையாகச் சாப்பிடுவார். எனக்கு அது தொண்டையில் நிற்கும். முள்ளைச் சாக்குச் சொல்லி ஒதுக்கிவிடுவேன்.

ஒருமுறை கொழுந்தன் கம்பெனிக்கே போன் பண்ணினான். ஓனர் எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரியில் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஏதோ பிளாஸ்டிக் பூ இருந்தது. இவர் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, கடல் சத்தத்துக்கு மேல் பேசுகிறவர் போலக் கத்திப் பேசினார்.

“தெரியலையா? கட்டை சாஞ்சிருக்கும்ல. நேராக் கட்டு. கட்டுனா நிக்காது, நேராப் புடிக்க ஒரு ஆள் வேணும்ல அதுக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, ஓனருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு நல்ல ஆள் கெடச்சிருந்துச்சு. கொஞ்சங்கூட அசையாமப் புடிச்சா.”

ஓனர், “அம்மிணிக்கு வெக்கத்தப் பாருங்க” என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வெட்கம் என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.